ஏரியின் ஓரத்தை விட்டுவையுங்கள்: தூர்வாருவோருக்கும் அனுமதி தருவோருக்கும் ஒரு திறந்த மடல்

ஊராட்சித் தலைவர்களுக்கும், பாசனப் பொறியாளர்களுக்கும், மாவட்ட நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும், விடுமுறை நாளில் மண்வெட்டியோடு குளத்தில் இறங்கும் இளைஞர் குழுக்களுக்கும் வணக்கம்.

கோடையில் ஏரி வற்றியதும் பொக்லைன் இறங்குவதைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது மகிழ்ச்சிதான். பல வருடம் யாரும் திரும்பிப் பார்க்காமல் குப்பைக் கிடங்காகக் கிடந்த குளங்களை நீங்கள் எல்லோரும் சேர்ந்து மீட்டெடுத்திருக்கிறீர்கள். ஊர்மக்களே நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்து 2017இல் மறுபடி தொடங்கிய பிறகு, ஊர்க்காரர்கள் தங்கள் ஏரியைத் தங்கள் பொறுப்பாக நினைக்கும் பழக்கம் கொஞ்சமாவது திரும்பியது. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இந்த மடலைத் தொடங்க வேண்டும்.

ஆனால் நாம் தூர்வாரும் விதம் ஏரியில் இருக்கும் உயிர்களைக் காலி செய்துகொண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் எடுக்கும் படங்களைப் பாருங்கள். செங்குத்தாக வெட்டிய ஓரம், சீவிவிட்டது மாதிரி மொட்டையான கரை, அடிவரை ஒரே ஆழம், நடுவில் நீலமாய்த் தண்ணீர். பார்க்கச் சுத்தமாக இருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு நாரைக்கு நிற்க இடம் கிடையாது.

நம் முன்னோர் கட்டிய ஏரி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் மட்டும் பிறை வடிவில் கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். அதனால் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்குப் பக்கத்தில் ஆளை மூழ்கடிக்கும் ஆழமும், தண்ணீர் வந்து சேரும் மேட்டுப் பக்கமான உள்வாயை நோக்கிப் போகப் போக இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு என்று குறைந்து கடைசியில் வெறும் ஈரமண்ணும் இருக்கும். மழைக்காலத்தில் அந்த விளிம்பு மேலே ஏறும், தை மாசி தாண்டினால் கீழே இறங்கும். ஏரி என்பது பெரிய தாம்பாளம். அதை நாம் வாளியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

வாளியில் தண்ணீர் அதிகம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் தாம்பாளத்தின் அந்த மெல்லிய ஓரத்தில்தான் பெரும்பாலான உயிர்கள் பிழைக்கின்றன. ஏன் என்று சொல்ல ஒரு பறவையை எடுத்துக்கொள்கிறேன்.

வர்ண நாரை பார்வையை நம்பி மீன் பிடிப்பதில்லை. கலங்கல் தண்ணீரில் நின்று, நீண்ட அலகைப் பாதி திறந்தபடி உள்ளே விட்டு, தலையை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே மெல்ல நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறிவிடும். பயந்து ஓடும் மீன் அலகுக்குள் உரசிய அந்தக் கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். தொட்டு உணர்ந்து பிடிக்கும் வித்தை இது. இதற்குத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் நின்று அலகு வீச முடியாது, மீனும் தப்பிக்க ஆழம் கிடைத்துவிடும். ஏரி நிறைய மீன் இருந்தும் நாரை பட்டினி கிடக்கும். கூட்டில் இரண்டு மூன்று குஞ்சுகளை வைத்துக்கொண்டு, சாண் ஆழத் தண்ணீரைத் தேடி ஊர் ஊராகப் பறக்கும்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆழம் உண்டு. நெட்டைக் காலுள்ள பவளக்கால் உள்ளான் கொஞ்சம் உள்ளே போய் மேயும். குட்டை உள்ளான்கள் ஈரச் சேற்றோடு நின்றுவிடும். மழைக்குப் பின் வடக்கிலிருந்து வரும் வாத்துகளில் பல, முக்குளிக்காமல் தலையை மட்டும் கவிழ்த்துக் கழுத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பாசியையும் விதையையும் தின்பவை. நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் ஆழத்துக்கு ஆட்கள். ஒரே ஆழமாக வெட்டிய ஏரியில் இந்த இரண்டு மூன்று வகை மட்டும் தங்கும், மற்றவை இறங்கிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த முக்குளிப்பானுக்கும் கூடு கட்டச் செடி வேண்டும். அதன் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தரையில் சரியாக நடக்க வராது. மிதக்கும் இலைதழைகளைக் குவித்து, நின்றிருக்கும் கோரையோடு பிணைத்து, தண்ணீர் மேலேயே முட்டையிடும். கூட்டை விட்டு நகரும்போது பாசியை இழுத்து முட்டையை மூடிவிட்டுப் போகும். கோரையும் பாசியும் இல்லாத ஏரியில் அதற்குக் கூடு இல்லை.

நீளவால் இலைக்கோழியைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. நீண்ட விரல்களைப் பரப்பி அல்லி இலை மேல் நடக்கும் பறவை. பெண் நான்கு முட்டை இட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இலைக்கு இலை தாவுவதும் ஆணின் பொறுப்பு. இது வாழ்வதே மிதக்கும் இலை மேல். அல்லியும் ஆம்பலும் வேர்விட வண்டல் படிந்த, ஆழம் குறைந்த அடிமண் வேண்டும். நாம் அதைத்தான் டிப்பரில் ஏற்றி அனுப்புகிறோம்.

பறவைகளை விடுங்கள். மீனுக்கு வருவோம், ஏனென்றால் ஏரி மீன் ஏலம் ஊருக்கு வருமானம்.

விராலுக்கு ஏன் இவ்வளவு விலை என்று எல்லோருக்கும் தெரியும். அது எங்கே குஞ்சு பொரிக்கிறது என்று எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ஓரத்தில், செடி மண்டிய ஆழமில்லாத தண்ணீரில். செடியை விலக்கிக் கொஞ்சம் இடம் ஒதுக்கி அதில் முட்டையிடும். குஞ்சுகள் செம்மஞ்சளாய்க் கொத்துக் கொத்தாகத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றுக் குடித்துவிட்டு இறங்கும். அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். யாராவது கை விட்டால் பாய்ந்து வரும். கரையோரத்தைச் சுவர்போல வெட்டிவிட்ட குளத்தில் இந்தக் குடும்பம் நடத்த இடமில்லை. பிறகு வருடா வருடம் காசு கொடுத்து வெளியிலிருந்து குஞ்சு வாங்கி விட வேண்டியிருக்கிறது. சில இடங்களில் தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் விட்டுவிடுகிறார்கள். அது மிச்சமிருக்கும் அயிரையையும் கெண்டையையும் தவளையையும் சேர்த்தே தின்றுவிடும்.

புதுவெள்ளம் வந்தால் மீன் எதிரேறும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாக மேல் குளத்துக்கும் வயலுக்கும் ஏறி முட்டையிடும் மீன்கள் பல உண்டு. ஏரியை அழகாக்கிவிட்டு வரத்துக்காலைக் குழாயாக்கினாலோ, நடுவில் ஆளுயரத் தடுப்புச் சுவர் வைத்தாலோ, அந்தப் பாதை அடைபட்டுப்போகும்.

நத்தையின் கதை இன்னும் நெருக்கமானது. நம் ஏரிகளில் இருக்கும் ஆப்பிள் நத்தை தண்ணீரில் வாழும், ஆனால் முட்டையைத் தண்ணீருக்கு வெளியே, ஓரத்து ஈரமண் குழியில்தான் இடும். கோடையில் சேற்றுக்குள் புதைந்து, மூடியை இறுக்கிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருப்பது இந்த நத்தையைக் கையாளத்தான். ஆக, ஓரத்து ஈரமண் போனால் நத்தை போகும், நத்தை போனால் நாரைக்கு ஏரியில் வேலை இல்லை. சேற்று ஆமையும் இப்படித்தான். வறட்சியில் சேற்றில் புதைந்து கிடக்கும், கரையோர மண்ணில் முட்டையிடும். பங்குனியில் பொக்லைன் வாரும்போது காய்ந்த மண்ணாகத் தெரிவதில் பாதி, உறங்கிக்கொண்டிருக்கும் உயிர்கள். நத்தை, ஆமை, தவளை, விதை, கிழங்கு எல்லாம் அந்த முதல் இரண்டடிக்குள் கிடக்கின்றன. மண்ணைக் கொஞ்சம் கையில் அள்ளிப் பாருங்கள், நத்தை ஓடு உயிரோடு மூடியிருப்பது தெரியும்.

கொசுவைப் பற்றிக் கேட்பீர்கள். செடி இருந்தால் கொசு வரும் என்று சொல்லித்தான் பல ஊரில் ஓரத்தைச் செதுக்குகிறார்கள். தட்டானின் குஞ்சுப் பருவம் முழுக்கத் தண்ணீருக்குள். அங்கே அது கொசுப் புழுவைத் தின்று வளர்கிறது. வளர்ந்ததும் ஒரு கோரைத் தண்டைப் பிடித்து மேலே ஏறி, முதுகு வெடித்து, ஈரச் சிறகோடு வெளியே வந்து காய்ந்தபின் பறக்கிறது. பறக்கத் தொடங்கியதும் பெரிய கொசுவையும் பிடிக்கிறது. அதிகாலையில் கரையோரம் போனால் தண்டுகளில் ஒட்டியிருக்கும் பழுப்புநிற வெற்றுக் கூடுகளைப் பார்க்கலாம். ஓரச் செடியும் சிறு மீனும் இருக்கும் ஏரியில் கொசுவுக்கு எதிரிகள் ஏராளம். ஏரியில் கொசு அதிகம் பெருகுவது சாக்கடை கலந்து அழுகிய தண்ணீரில். சாக்கடையை நிறுத்தாமல் கோரையைப் பிடுங்கிப் பயனில்லை.

எல்லாச் செடியும் நல்லது என்று சொல்லவில்லை. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, தண்ணீரை மூடி வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கிறது, எடுத்துவிடுங்கள். சீமைக்கருவேலத்தையும் எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எப்போது, எந்த வரிசையில் என்பது முக்கியம். நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் இல்லாமல் போன பல கண்மாய்களில் கொக்கும் நாரையும் வேறு வழியில்லாமல் சீமைக்கருவேலத்தில்தான் கூடு கட்டியிருக்கின்றன. கூழைக்கடாவும் வர்ண நாரையும் குஞ்சு வளர்ப்பது கோடை வரை நீளும், நம் வேலைக்காலமும் அதுவேதான். கூட்டோடு மரத்தைச் சாய்த்துவிட்டு, பறக்கத் தெரியாத குஞ்சுகள் தரையில் கிடப்பதை யாரும் விரும்ப மாட்டீர்கள். முதலில் நாட்டு மரம் நட்டு, அது கிளை விரிக்கும்வரை கூடுள்ள பகுதியை விட்டுவைத்து, மிச்சத்தை வெட்டலாம்.

அப்புறம் ஏரியை அழகுபடுத்தும் திட்டங்கள். சுற்றிலும் நடைபாதை, உள்சரிவு முழுக்கக் கல் பதிப்பு, இரவெல்லாம் எரியும் உயர்கோபுர விளக்கு, படகு. நகரத்து மக்களுக்கு நடக்க இடம் வேண்டும், மறுக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். எதிர்ப்பக்கம் இருட்டாகவும் மனித நடமாட்டம் இல்லாமலும் இருக்கட்டும். அலை அடித்துக் கரை அரிக்கும் இடத்தில் கல் வேண்டும், அங்கே வையுங்கள், எல்லா இடத்திலும் வேண்டாம். சிறு மீன்கொத்தி மண் சரிவில் துளையிட்டுத்தான் குஞ்சு பொரிக்கிறது. கல் பதித்த சரிவில் எங்கே துளையிடும்?

பொறியாளர்களிடம் நேரடியாக ஒன்று பேச வேண்டும். கொள்ளளவைக் கூட்டுவதுதான் நோக்கம் என்கிறீர்கள். சரி. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகாது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். கரைக்கு ஒட்டித் தோண்டினால் கரையின் அடி பலவீனமாகும் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் மண் நல்ல விலைக்குப் போகிறது என்பதற்காகச் சில இடங்களில் வண்டல் தாண்டி, கிராவல் தாண்டிக் கிணறு போல வெட்டுகிறார்கள். குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தத் திடீர்ப் பள்ளத்தில் மூழ்கிப்போன செய்தியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் படிக்கிறோம். ஆடு மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் இடமும் அந்தச் சரிவான ஓரம்தான். நாரைக்கு எது ஆபத்தோ அது நம் பிள்ளைக்கும் மாட்டுக்கும் ஆபத்தாக இருக்கிறது.

வண்டலை எடுக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. காலங்காலமாகக் கோடையில் வண்டி கட்டிக் கரம்பை அடித்து வயலில் போட்டவர்கள்தான் நாம். அப்போது எடுத்தது மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக, படிந்த வண்டலை மட்டும். அடுத்த மழைக்கு மீண்டும் படிந்தது. அந்த எடுப்பு முறை ஏரியின் வடிவத்தை மாற்றவில்லை. இன்றும் விவசாயிக்கு வண்டல் போகட்டும், ஏரியின் சரிவு மட்டும் குலையாமல் இருக்கட்டும். அதோடு, தண்ணீர் நிற்காததற்குப் பெரிய காரணம் பல இடத்தில் தூர் அல்ல, வரத்துக்கால் ஆக்கிரமிப்பு. வராத தண்ணீருக்கு எவ்வளவு ஆழம் வெட்டினாலும் என்ன?

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 40 ஆயிரம் ஏரிகள் இருக்கின்றன, கிட்டத்தட்ட எல்லாமே மனிதர் கட்டியவை. ஆனால் பாருங்கள், உலக ஈரநிலப் பட்டியலான ராம்சாரில் நம் மாநிலத்திலிருந்து 20 இடங்கள் இருக்கின்றன. வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வடுவூர், சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், வேம்பன்னூர், கரைவெட்டி என்று அதில் பல, பாசனத்துக்காக வெட்டிய ஏரிகளே. மனிதர் கட்டியது என்பதால் பறவைக்கு அது வீடாகாமல் போய்விடவில்லை. பட்டியலில் இருக்கும் ஏரிக்கு வேலி போட்டுக் காப்பாற்றிவிட்டு, பக்கத்து ஊர்க் குளங்களை வாளியாக்கினால் பறவைக்குப் பயனில்லை. கூடு கட்டுவது ஒரு குளத்தில் என்றாலும் இரை தேடுவது சுற்றியுள்ள பத்து இருபது குளங்களிலும் வயல்களிலும்தான். தாமிரபரணிப் பகுதியில் 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இதனால்தான் சரணாலயத்தோடு நிற்காமல் பல குளங்களுக்குப் போகிறது.

ஊர் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் எழுத்துப்பூர்வமாக உரிமை வாங்கியவர்கள். காரணம் எளிமையானது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் நன்றாக விளைந்தது. கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்ட விட்டிருக்கிறார்கள், விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்திருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவை கலையக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளின் ஆசையையும் அடக்கிக்கொண்டு ஒரு கிராமம் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறது. அந்த அளவு தியாகத்தை நான் உங்களிடம் கேட்கவில்லை.

நான் கேட்பது மதிப்பீடு தயாரிக்கும் நிலையிலேயே செய்யக்கூடியது. ஏரியின் உள்வாய்ப் பக்கம், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஓரத்தை, இயந்திரம் போகாத பகுதி என்று வரைபடத்தில் குறித்துவிடுங்கள். தோண்டும் இடத்திலும் மாடு இறங்கி ஏறும் சரிவாக விடுங்கள். மடையின் அடிமட்டத்தையே தோண்டும் ஆழத்துக்கு எல்லையாக வைத்து, அதை ஒப்பந்தத்தில் எழுதி, அளந்து பார்த்தபின் பணம் கொடுங்கள். பெரிய ஏரி என்றால் ஒரே கோடையில் முழுக்க வாராமல் இரண்டு மூன்று வருடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாராத பாதியிலிருந்து நத்தையும் அல்லியும் தவளையும் வாரிய பாதிக்குத் திரும்ப வரும். கூடு இருக்கும் மரத்தைக் குஞ்சு பறந்தபின் தொடுங்கள்.

இளைஞர் குழுக்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் உழைப்புக்கு முன்னால் தலைவணங்குகிறேன். ஞெகிழியும் மதுப்பாட்டிலும் பொறுக்குங்கள், ஆகாயத்தாமரை எடுங்கள், வரத்துக்காலைத் திறந்துவிடுங்கள். கோரையையும் சம்பையும் அல்லியையும் அழுக்கு என்று நினைத்துப் பிடுங்காதீர்கள். வேலைக்கு முந்தின மழைக்காலத்தில் ஒருமுறை ஏரியைச் சுற்றி வந்து, எந்த ஓரத்தில் எந்தப் பறவை நிற்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கூடவே வலை வீசும் பெரியவர் ஒருவரையும், அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் ஒருவரையும் அழைத்துப் போங்கள். விரால் எங்கே குஞ்சு பொரிக்கும், ஆமை எங்கே ஏறும், எந்த மரத்தில் முதலில் கொக்கு அடையும் என்று அவர்கள் கை நீட்டிக் காட்டுவார்கள். அந்தக் குறிப்பை வரைபடத்தோடு சேர்த்து ஊராட்சியில் கொடுங்கள்.

ஊராட்சித் தலைவர்களே, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த ஒரு பொருளைச் சேர்த்துவிடுங்கள்: நம் ஏரியில் இயந்திரம் இறங்கக்கூடாத ஓரம் எது. மக்கள் முன்னால் பேசி, தீர்மானமாக எழுதி, பொறியாளரிடம் அனுப்புங்கள். கோடை வேலைக்கான மதிப்பீடுகள் கையெழுத்தாகும் முன் அது அவர் மேசைக்குப் போய்ச்சேர வேண்டும்.

அன்புடன்,
ஏரிப் பாசனத்தில் சோறு உண்ணும் ஓர் ஊர்க்காரன்